சொந்த ஊரில் வெடித்த பொய்கள்

எதிரி நாட்டைக் குறிவைத்து ஏவப்படும் பொய்ச் செய்தி கடைசியில் யார் தலையில் விழுகிறது? 2025 மே மாதத்து இந்தியா–பாகிஸ்தான் மோதல் அதற்குத் தந்த பதில்கள்.

2025 மே 8, வியாழக்கிழமை இரவு. தர்மசாலா மைதானத்தில் பஞ்சாப் கிங்ஸ் – டெல்லி கேப்பிடல்ஸ் ஐ.பி.எல். ஆட்டம் பதினோராவது ஓவரில் இருந்தபோது மின்விளக்குகள் அணையத் தொடங்கின. ஆட்டம் நின்றது, ரசிகர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சில மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் ஜம்மு நகரம் இருளில் மூழ்கிக் கிடந்தது. வானத்தில் ட்ரோன்கள். அவற்றைச் சுட்டு வீழ்த்தும் குண்டுகளின் ஒளிக்கோடுகள். அந்தக் காட்சிகள் செல்போன் வழியே நாடு முழுக்கப் பரவ, குமரியிலிருந்து காஷ்மீர் வரை வீட்டுக்கு வீடு டி.வி. ஓடியது.

அந்த டி.வி.யில் வேறொரு போர் நடந்துகொண்டிருந்தது. சைரன் ஒலி அலற, திரை சிவக்க, தொகுப்பாளர்கள் குரல் உயர்த்தி அறிவித்தார்கள்: ஐ.என்.எஸ். விக்ராந்த் போர்க்கப்பல் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கி அழித்துவிட்டது. இஸ்லாமாபாத் வீழ்ந்தது. பாகிஸ்தான் ராணுவத் தளபதி அசிம் முனீர் கைது. பிரதமர் ஷேபாஸ் ஷெரீஃப் பாதுகாப்பான இடத்துக்கு ஓட்டம்.

இவற்றில் ஒன்றுகூட நடக்கவில்லை.

கராச்சி எரிவதாகப் பரவிய வீடியோ, அந்த ஆண்டு ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மருத்துவ விமானம் ஒன்று குடியிருப்புப் பகுதியில் விழுந்து நொறுங்கியபோது எடுக்கப்பட்டது. மே 9 அன்று குழப்பத்தைக் கூட்டும் இன்னொன்றும் நடந்தது. கராச்சித் துறைமுகக் கழகத்தின் எக்ஸ் கணக்கிலேயே ‘இந்தியத் தாக்குதலில் பெரும் சேதம்’ என்று பதிவு வந்தது. கணக்கு ஹேக் செய்யப்பட்டது என்றும் துறைமுகம் வழக்கம்போல் இயங்குகிறது என்றும் சற்று நேரத்தில் விளக்கம் வந்தது. மே 11 அன்று டெல்லியில் செய்தியாளர்களைச் சந்தித்த இந்தியக் கடற்படையின் வைஸ் அட்மிரல் ஏ.என். பிரமோத், கராச்சி உள்ளிட்ட இலக்குகளைத் தாங்கள் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் தாக்க முழு ஆயத்தத்துடன் கடற்படை இருந்தது என்றார். தாக்கத் தயாராக இருந்ததாகத்தான் கடற்படையே சொன்னது. தாக்கியதாகச் சொன்னவை சேனல்கள்.

இரு நாடுகளும் ஒன்றின்மீது ஒன்று பொய் பரப்புவது புதிதில்லை. ஆனால் அந்த நான்கு நாள் மோதலைத் திரும்பிப் பார்த்தால் ஒரு விஷயம் துலக்கமாகத் தெரிகிறது. கராச்சி எரிந்ததாகச் சொன்ன செய்தியைக் கராச்சிக்காரர்கள் ஒரு நொடிகூட நம்பியிருக்க முடியாது. அவர்களுக்கு ஜன்னலைத் திறந்து பார்த்தால் போதும். நம்பியவர்கள் இந்தியர்கள். பாகிஸ்தான் அரசு பரப்பிய பொய்களை இந்திய ராணுவம் நம்பவில்லை; நம்பியவர்கள் பாகிஸ்தானியர்கள். எல்லைக்கு அப்பால் ஏவப்பட்ட பொய்கள் எல்லையைத் தாண்டவே இல்லை.

பூஞ்ச் ஆசிரியரை இரண்டாம் முறை கொன்றவர்கள்

இதற்கு மிகக் கொடிய சான்று ஜம்மு–காஷ்மீரின் பூஞ்ச் நகரத்தில் இருக்கிறது.

பஹல்காமில் ஏப்ரல் 22 அன்று 26 பேரைப் பயங்கரவாதிகள் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பதிலடியாக மே 7 அதிகாலை இந்தியா ‘ஆபரேஷன் சிந்தூர்’ தொடங்கியது. பஹாவல்பூர், முரித்கே, கோட்லி, முசாஃபராபாத் உள்ளிட்ட ஒன்பது இடங்கள் தாக்கப்பட்டன. உடனே எல்லைக்கோட்டுக்கு அப்பாலிருந்து பாகிஸ்தான் பீரங்கிகள் பூஞ்ச் நகரத்தின்மீது குண்டு பொழிந்தன. பன்னிரண்டு பேருக்கும் மேல் மாண்டார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. உள்ளூர் மதரஸா ஒன்றில் பாடம் நடத்திவந்த ஓர் ஆசிரியரும் அதில் இறந்தார்.

அதாவது பாகிஸ்தான் குண்டுக்குப் பலியான இந்தியக் குடிமகன் அவர். வீட்டார் உடலை அடக்கம் செய்யும் ஏற்பாட்டில் இருந்தபோது, தேசிய அளவில் பார்க்கப்படும் சில சேனல்கள் அவருடைய தாடி வைத்த, தொப்பி அணிந்த படத்தைத் திரையில் காட்டின. கோட்லி முகாமில் இந்தியத் தாக்குதலில் கொல்லப்பட்ட லஷ்கர் பயங்கரவாதி இவர் என்றன. அடுத்த நாளே பூஞ்ச் காவல்துறை எழுத்துபூர்வமாக மறுத்தது. இறந்தவர் உள்ளூரில் மதிப்புமிக்க சமயப் பெரியவர், எந்தப் பயங்கரவாத அமைப்போடும் தொடர்பில்லாதவர், பொய் பரப்பினால் சட்ட நடவடிக்கை பாயும் என்று எச்சரித்தது.

ஜூன் மாத இறுதியில் பூஞ்ச் நீதிமன்றம், சம்பந்தப்பட்ட சேனல்கள்மீது வழக்குப் பதிய உத்தரவிட்டது. இறந்தவர் பயங்கரவாதி இல்லை என்று நிலைநாட்ட, விவகாரம் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. எந்த எதிரிக்காக அந்தப் பொய் சொல்லப்பட்டதோ அந்த எதிரிக்கு அதனால் ஒரு கீறலும் இல்லை. காயம் முழுவதும் இந்தியக் குடும்பம் ஒன்றுக்கு.

இதே வாரங்களில் இன்னொரு சம்பவம். பஹல்காமில் கொல்லப்பட்ட இளம் கடற்படை அதிகாரியும் அவர் மனைவியும் கடைசியாக ஆடிய நடனம் என்று ஒரு காணொளி லட்சக்கணக்கான கண்களைக் கலங்க வைத்தது. அதில் இருந்தவர்கள் வேறொரு தம்பதி. ‘நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம், எங்களைப் பிணமாக்காதீர்கள்’ என்ற பொருளில் அவர்களே காணொளி வெளியிட்டுக் கெஞ்ச நேர்ந்தது.

கணினி விளையாட்டும் கற்பனை நாளிதழும்

பாகிஸ்தான் பக்கம் பொய்யைப் பரப்பியதில் அரசின் கை நேரடியாகவே தெரிந்தது. தங்கள் ராணுவத்தின் பதிலடி என்று பாகிஸ்தான் அரசின் அதிகாரபூர்வ எக்ஸ் கணக்கு ஒரு காணொளியைப் பகிர்ந்தது. அது ‘ஆர்மா 3’ என்ற கணினி விளையாட்டின் காட்சி. செக் குடியரசைச் சேர்ந்த அதன் தயாரிப்பு நிறுவனம், தங்கள் விளையாட்டுக் காட்சிகளை உண்மைப் போர்க் காட்சிகளாகப் பரப்புவதைக் கண்டித்து 2022-லேயே அறிக்கை விட்டிருக்கிறது. அப்போது பிரச்சினை உக்ரைன்.

அதற்கும் மேலே ஒன்று நடந்தது. ‘பாகிஸ்தான் விமானப்படை: வானத்தின் போட்டியில்லா அரசன்’ என்ற தலைப்போடு லண்டன் ‘டெய்லி டெலிகிராஃப்’ நாளிதழின் முதல் பக்கம் என்று ஒரு படம் சுற்றியது. செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய போலிப் பக்கம்; உற்றுப் பார்த்தாலே எழுத்துப் பிழைகள் பல்லிளிக்கும். அந்நாட்டின் துணைப் பிரதமரும் வெளியுறவு அமைச்சருமான இஷாக் தார், அதே வாசகத்தைப் பிரிட்டிஷ் நாளிதழ் எழுதியதாக மேலவையில் பெருமையோடு சொன்னார். அது போலி என்று எடுத்துக்காட்டிய செய்தி அந்நாட்டிலேயே வெளிவந்தது. பாகிஸ்தானின் ‘டான்’ நாளிதழில். அரசின் வெற்றிக் களிப்பு உச்சத்தில் இருந்த வாரத்தில் அந்தப் பத்திரிகை அதைச் செய்தது. அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

பாதுகாப்பு அமைச்சர் கவாஜா ஆசிஃப், இந்தியப் போர் விமானங்களை வீழ்த்தியதற்கு ஆதாரம் என்ன என்று சி.என்.என். நெறியாளர் கேட்டபோது, சமூக ஊடகம் முழுக்க அதுதானே இருக்கிறது என்றார். அணு ஆயுதம் வைத்திருக்கும் நாட்டின் பாதுகாப்பு அமைச்சர், தம் விமானப்படை செய்ததற்குச் சான்றாகச் சமூக ஊடகத்தைக் காட்டுகிறார்! மேலிருந்து கீழே வர வேண்டிய தகவல், கீழிருந்து மேலே ஏறி, அமைச்சரின் வாய்வழியே அதிகாரபூர்வச் செய்தியாகித் திரும்பவும் கீழே வருகிறது. இந்தச் சுழற்சிதான் இன்றைய தகவல் போரின் அடிப்படை எந்திரம்.

■ பெட்டிச் செய்தி: பழைய படம், புதிய போர்

மே 7 முதல் 10 வரை பரவி, பின்னர் பொய் என்று தெளிவான சில:

• இந்தியா மீது பாகிஸ்தான் ஏவுகணைத் தாக்குதல் என்ற காணொளி: 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் நடந்த வெடிவிபத்து.

• குஜராத்தின் ஹஜிரா துறைமுகம் தாக்கப்பட்டதாக வந்த காணொளி: 2021-ல் எடுக்கப்பட்ட எண்ணெய் டேங்கர் வெடிப்பு.

• ஜலந்தரில் ட்ரோன் தாக்குதல்: வயலில் பற்றிய தீ.

• பாகிஸ்தான் ராணுவச் செய்தித் தொடர்பாளர் அகமது ஷெரீஃப் சவுத்ரி, இரண்டு போர் விமானங்களை இழந்ததாக ஒப்புக்கொள்ளும் காணொளி: பழைய செய்தியாளர் சந்திப்பின்மீது செயற்கைக் குரல் பொருத்திய டீப்ஃபேக். சில இந்திய ஊடகங்கள் இதைச் செய்தியாகவே வெளியிட்டன.

• ஏ.டி.எம்.கள் இரண்டு மூன்று நாட்களுக்கு மூடப்படும் என்ற வாட்ஸ்அப் தகவல்: மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை சரிபார்ப்புப் பிரிவு மறுத்தது. பெட்ரோல் நிலையங்களில் வரிசை கூடியதால் மே 9 அன்று இந்தியன் ஆயில் நிறுவனம், போதிய இருப்பு உள்ளது, பதற வேண்டாம் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

வானொலிக் காலத்திலிருந்து

இது செல்போன் கொண்டுவந்த வியாதி மட்டும் இல்லை. 1971 டிசம்பரில் மேற்குப் பாகிஸ்தான் மக்களிடம், போர் நமக்குச் சாதகமாகவே போகிறது என்றுதான் அவர்களுடைய வானொலியும் நாளிதழ்களும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தன. 16-ஆம் தேதி டாக்காவில் ஜெனரல் நியாஸி சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். சுமார் 93,000 பேர் போர்க்கைதிகள் ஆனார்கள். லாகூரிலும் கராச்சியிலும் மக்கள் இடிந்துபோனார்கள். தோல்விக்கு இணையாக அவர்களை உலுக்கியது, இத்தனை நாளும் ஏமாற்றப்பட்டோம் என்ற உணர்வு. அந்தத் தோல்வியை விசாரித்த ஹமூதுர் ரஹ்மான் ஆணையத்தின் அறிக்கையைக்கூட அந்நாட்டு மக்களுக்குக் காட்டவில்லை. 2000-ல் இந்தியப் பத்திரிகை ஒன்றில் கசிந்த பிறகே அது வெளியுலகுக்கு வந்தது.

1999 கார்கில் போரிலும் அதே கதை. மலை உச்சிகளில் இருப்பவர்கள் காஷ்மீர் போராளிகள், எங்கள் வீரர்கள் இல்லை என்று பாகிஸ்தான் சாதித்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 2010-ல், அந்நாட்டு ராணுவத்தின் இணையதளத்தில் கார்கில்–பட்டாலிக் பகுதியில் உயிர்நீத்த 453 வீரர்களின் பெயர்கள் ஓசையில்லாமல் இடம்பெற்றன. தன் வீரனுடைய சாவை ஒரு நாடு பதினோரு ஆண்டுகள் மறைத்தால் அவன் தாய்க்கும் மனைவிக்கும் அந்தப் பதினோரு ஆண்டுகள் எப்படிக் கழிந்திருக்கும்?

இந்தியாவும் சுத்தமான கையோடு நிற்கவில்லை. 2019 பிப்ரவரி 27, பாகிஸ்தானின் பாலாகோட்டில் இந்திய விமானப்படை நடத்திய தாக்குதலுக்கு மறுநாள், காஷ்மீரின் பட்காமில் விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்து ஆறு வீரர்களும் தரையில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். வீழ்த்தியது நம்முடைய ஏவுகணையே என்பதையும் அது பெரும் தவறு என்பதையும் விமானப்படைத் தளபதி வெளிப்படையாக ஒப்புக்கொண்டது அக்டோபரில். இடையில் ஒரு நாடாளுமன்றத் தேர்தலே முடிந்திருந்தது.

அதே நாளில்தான் சென்னைக் குடும்பத்தைச் சேர்ந்த விங் கமாண்டர் அபிநந்தன் பாகிஸ்தானில் பிடிபட்டார். இரண்டு விமானிகளைப் பிடித்துவிட்டோம் என்று முதலில் அறிவித்த பாகிஸ்தான் ராணுவம், பிறகு ஒருவர்தான் என்று மாற்றிக்கொண்டது. அவர் விடுதலையாகித் திரும்பியபின் இந்தியாவில் அவர் பெயரில் போலிக் கணக்குகள் முளைத்தன. அபிநந்தனுக்குச் சமூக ஊடகக் கணக்கே கிடையாது என்று விமானப்படை அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போனது. தமிழ்நாட்டில் அவர் மீசையைப் போலவே மீசை வைத்துக்கொண்டு அவரைக் கொண்டாடிய இளைஞர்களில் பலர் படித்த ‘அபிநந்தன் பதிவுகள்’ யாரோ முகம் தெரியாதவர் எழுதியவை.

■ பெட்டிச் செய்தி: செத்தவர் வந்த கூட்டம்

பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் இயங்கும் ‘ஈயூ டிஸ்இன்ஃபோலேப்’ என்ற ஆய்வு அமைப்பு 2020 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பாகிஸ்தானை உலக அரங்கில் சிறுமைப்படுத்தும் நோக்கோடு 15 ஆண்டுகள் இயங்கிய வலைப்பின்னல், 750-க்கும் மேற்பட்ட போலிச் செய்தித் தளங்கள், 119 நாடுகள், செயலிழந்துபோன தொண்டு நிறுவனங்களின் பெயர்களுக்கு மறுஉயிர் என்று அது அடுக்கியது. சர்வதேசச் சட்ட அறிஞரான ஹார்வர்டு பேராசிரியர் லூயிஸ் சோன் 2006-ல் காலமானவர். ஆனால் அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் கூட்டங்களில் அவர் கலந்துகொண்டதாக அந்த வலைப்பின்னலின் ஆவணங்களில் பதிவாகியிருந்தது.

டெல்லியைச் சேர்ந்த ஸ்ரீவாஸ்தவா குழுமத்தின் கை இதில் இருப்பதாக அறிக்கை சொன்னது. இந்திய அரசுக்கு நேரடித் தொடர்பு இருப்பதாகச் சொல்லவில்லை. பொறுப்புள்ள ஜனநாயகமான இந்தியா இத்தகைய வேலைகளில் ஈடுபடுவதில்லை என்று வெளியுறவு அமைச்சகம் மறுத்தது.

2019 ஏப்ரலில் ஃபேஸ்புக் நிறுவனம், பாகிஸ்தான் ராணுவ ஊடகப் பிரிவின் ஊழியர்களோடு தொடர்புடைய 103 பக்கங்கள், குழுக்கள், கணக்குகளை நீக்கியது. 2022-ல் ட்விட்டர் நீக்கிய 1,198 கணக்குகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினார்கள். காஷ்மீரிகள்போல வேடமிட்டு இந்திய ராணுவத்தைப் புகழ்ந்து எழுதிய வலைப்பின்னல் அது என்று கண்டார்கள்.

யாருக்கு லாபம்?

முன்பெல்லாம் பொய்ப் பரப்புரைக்கு அரசுகள் பணம் செலவழிக்க வேண்டும். இப்போது பொய்யே பணம் சம்பாதிக்கிறது. எக்ஸ் தளத்தில் மாதச் சந்தா கட்டி நீல டிக் வாங்கியவருக்கு, அவர் பதிவு எத்தனை பேரை ஈர்க்கிறதோ அதற்கேற்ப வருமானமும் வரும். போர் நடக்கும் இரவில் ‘கராச்சி எரிகிறது’ என்று எழுதுபவருக்குக் கிடைக்கும் பார்வையில் நூற்றில் ஒரு பங்குகூட ‘இன்னும் உறுதியாகவில்லை’ என்று எழுதுபவருக்குக் கிடைக்காது. வாஷிங்டனில் உள்ள ‘ஒழுங்கமைக்கப்பட்ட வெறுப்பு ஆய்வு மையம்’ அந்த நாட்களின் 437 தவறான எக்ஸ் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தது. 179 பதிவுகள் நீல டிக் கணக்குகளில் இருந்து வந்தவை. வாசகர்களே திருத்தம் சேர்க்கும் ‘கம்யூனிட்டி நோட்ஸ்’ குறிப்பு ஒட்டப்பட்டவை வெறும் 73.

சரி, சந்தேகம் வந்தால் செயற்கை நுண்ணறிவைக் கேட்டுத் தெளிவோம் என்று போனவர்களுக்கும் அடிதான். எக்ஸ் தளத்தின் ‘க்ரோக்’, சூடான் தலைநகர் கார்த்தூமின் விமான நிலையத்தில் எடுக்கப்பட்ட பழைய காணொளியைப் பாகிஸ்தானின் நூர்கான் விமானத் தளம்மீது நடந்த தாக்குதல் என்று அடையாளம் சொன்னது. நேபாளத்தில் எரிந்த ஒரு கட்டடத்தைப் பாகிஸ்தான் பதிலடியாக இருக்கலாம் என்றது. உண்மையா என்று கேட்டு வந்தவரிடமே பொய்க்கு முத்திரை குத்திக் கொடுத்தது.

டி.வி. சேனல்களின் கணக்கும் இதேதான். போட்டிச் சேனல் இஸ்லாமாபாத்தைப் பிடித்துவிட்டது என்றால் நம் சேனல் பின்தங்க முடியுமா? சரிபார்க்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்ட ஆசிரியருக்கு அந்த இரவில் ரேட்டிங் போய்விடும். மறுநாள் முன்னணி இந்திச் சேனல் ஒன்றின் தொகுப்பாளர் நேரலையில் மன்னிப்புக் கேட்டார். அது நல்ல காரியம். ஆனால் முதல் நாள் இரவு பார்த்தவர்களில் எத்தனை பேர் அந்த மன்னிப்பைப் பார்த்திருப்பார்கள்? பொய்க்கு முழுத்திரையும் சைரனும் கிடைத்தன. திருத்தத்துக்குச் சில நொடிகள்.

சைரன் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மே 10 அன்று உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் குடிமைப் பாதுகாப்பு இயக்ககம் எல்லா ஊடகங்களுக்கும் ஓர் அறிவுரை அனுப்பியது. நிகழ்ச்சிகளில் விமானத் தாக்குதல் சைரன் ஒலியைப் பயன்படுத்தாதீர்கள். நிஜமாகவே சைரன் ஒலிக்கும்போது மக்கள் அதையும் டி.வி. சத்தம் என்று நினைத்துவிடுவார்கள். ஜம்முவிலும் அமிர்தசரஸிலும் எல்லையோரம் வாழும் குடும்பத்துக்கு அந்தச் சத்தம் உயிர் காக்கும் ஏற்பாடு. அதைப் பின்னணி இசையாக்கியவர்கள், தங்கள் நேயர்களின் உயிரோடு விளையாடினார்கள் என்பதற்குக் குறைவாக எதுவும் சொல்ல முடியாது.

சண்டை நிறுத்தம் சொன்னவருக்கு வசை

மே 10, சனிக்கிழமை மாலை. இரு நாடுகளின் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களும் தொலைபேசியில் பேசி, ஐந்து மணியோடு தாக்குதல்களை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். அதை நாட்டுக்கு அறிவித்தவர் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி. அரசின் முடிவைச் சொன்ன அதிகாரி, அவ்வளவுதான்.

அடுத்த சில மணி நேரத்தில் துரோகி என்றும் இன்னும் எழுதக் கூசும் சொற்களாலும் அவரை வறுத்தெடுத்தார்கள். அவர் மகளின் விவரங்களைத் தேடியெடுத்துப் பொதுவெளியில் போட்டார்கள். அவர் தம் எக்ஸ் கணக்கைப் பூட்ட வேண்டியிருந்தது. ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் சங்கமும் முன்னாள் தூதர்களும் கண்டனம் தெரிவித்தார்கள்.

இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது? இரண்டு நாட்களாக, கராச்சி சாம்பல், இஸ்லாமாபாத் நம் கையில், எதிரித் தளபதி சிறையில் என்று கேட்டு வளர்ந்தது அது. அப்படி முழு வெற்றி கிடைத்த பிறகு சண்டையை நிறுத்தினால், யாரோ காட்டிக்கொடுத்திருக்க வேண்டும் என்றுதானே தோன்றும்? பொய் வெற்றி நிஜமான முடிவைத் துரோகமாகக் காட்டிவிட்டது. அரசு நினைத்திருந்தால் மே 8 இரவே, கராச்சி தாக்கப்படவில்லை என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஏ.டி.எம். வதந்தியை மறுத்த அதே வேகத்தில் கராச்சிச் செய்தியை மறுக்கவில்லை. நமக்குச் சாதகமாகத் தோன்றும் பொய்யைத் தடவிக்கொடுத்தால் அது வளர்ந்து நம் அதிகாரியின் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும் என்பதை அந்தச் சனிக்கிழமை இரவு காட்டியது.

எல்லைக்கு மறுபக்கமும் வெற்றிக் கொண்டாட்டம்தான். வீதிகளில் ஊர்வலம், இனிப்பு. இரு நாட்டு மக்களும் தாங்கள் முழுமையாக வென்றதாக நம்பிக்கொண்டு போரிலிருந்து வெளியே வந்திருக்கிறார்கள். அடுத்த முறை மோதல் மூண்டால் பின்வாங்கும் தலைவருக்கு அரசியலில் இடமே இருக்காது. இரண்டுமே அணு ஆயுத நாடுகள். ஏவுகணை புறப்பட்டு இலக்கை எட்டச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடத்தில் டெல்லியிலோ ராவல்பிண்டியிலோ முடிவெடுக்கும் அறையில், ஹேக் செய்யப்பட்ட ஒரு கணக்கின் பதிவோ, தளபதியின் குரலில் பேசும் ஒரு டீப்ஃபேக்கோ வந்து விழுந்தால்? மே 9 அன்று கராச்சித் துறைமுகக் கணக்கில் வந்ததைப் போன்ற பதிவு, ஒரு விமானத் தளத்தின் பெயரில் வந்திருந்தால்? இந்தக் கட்டுரையின் மற்ற எல்லாக் கவலைகளையும்விடப் பெரிய கவலை இதுதான்.

ராணுவமும் இதற்கு விலை கொடுத்தது. ஆபரேஷன் சிந்தூரின்போது படைகளின் நேரத்தில் 15 விழுக்காடு, பொய்ச் செய்திகளை எதிர்கொள்வதிலேயே செலவானது என்று முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான் சிங்கப்பூரில் சொன்னார்.

பூட்டுப் போடும் வைத்தியம்

அரசுகள் எடுத்த நடவடிக்கை, வாயைக் கட்டுவது. 8,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்க இந்திய அரசு உத்தரவிட்டிருப்பதாக எக்ஸ் நிறுவனம் மே 8 அன்று அறிவித்தது. பெரும்பாலானவற்றில் எந்தப் பதிவு சட்டத்தை மீறியது என்றே சொல்லப்படவில்லை என்றும் அது குறிப்பிட்டது. பாகிஸ்தான் சேனல்கள் முடக்கப்பட்டன. சரி, போர்க்காலம் என்று விடலாம். ஆனால் ‘தி வயர்’ போன்ற இந்தியச் செய்தித் தளமும், காஷ்மீரிலிருந்து எழுதும் சிறு ஊடகங்களின் கணக்குகளும் முடக்கப்பட்டன. இஸ்லாமாபாத்தைப் பிடித்த சேனல்கள் தடையில்லாமல் ஓடின.

பாகிஸ்தான் செய்தது இதற்கு நேர்மாறாகத் தோன்றும், உள்ளே ஒன்றேதான். 2024 பிப்ரவரியிலிருந்து தன் மக்களுக்கு எக்ஸ் தளத்தை அடைத்து வைத்திருந்த அரசு, மே 7 அன்று, இந்தியத் தாக்குதல் நடந்த நாளிலேயே அதைத் திறந்துவிட்டது. தன்னைக் கேள்வி கேட்டபோது ஆபத்தாக இருந்த தளம், எதிரியைத் திட்டத் தேவைப்பட்டபோது தேசத்தின் ஆயுதம் ஆகிவிட்டது. அதே அரசு அந்த ஆண்டு ஜனவரியில் மின்குற்றத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, பொய்ச் செய்திக்கு மூன்று ஆண்டுவரை சிறை என்று கொண்டுவந்திருந்தது. அந்நாட்டுச் செய்தியாளர்கள் வீதிக்கு வந்து போராடினார்கள். அந்தச் சட்டத்தை அளவுகோலாகக் கொண்டால் டெலிகிராஃப் பக்கத்தை மேலவையில் மேற்கோள் காட்டிய அமைச்சர் என்ன ஆவார் என்று அங்கே யாரும் கேட்க முடியாது.

எது உண்மை என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அரசே வைத்துக்கொள்ள இந்தியாவிலும் ஒரு முயற்சி நடந்தது. அரசின் செயல்பாடு பற்றிய செய்திகளில் பொய் எது என்று முத்திரை குத்தும் பிரிவை உருவாக்கிய 2023-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதித் திருத்தத்தைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் செல்லாது என்று தள்ளியது. போர்க்கால அனுபவத்தை வைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பின் அருமை இன்னும் நன்றாகப் புரிகிறது.

மெய் சொல்லி வென்ற நாட்கள்

தகவல் போரில் இந்தியா பெற்ற மிகப் பெரிய வெற்றி எது என்று தேடினால், அதில் பொய்யே இல்லை. 1999 ஜூன் 11. பெய்ஜிங்கில் இருந்த பாகிஸ்தான் ராணுவத் தளபதி முஷாரஃபும், ராவல்பிண்டியில் இருந்த ராணுவத் தலைமைப் பணியாளர் அதிகாரி (சீஃப் ஆஃப் ஜெனரல் ஸ்டாஃப்) அஜீஸ் கானும் பேசிய தொலைபேசி உரையாடலின் ஒலிப்பதிவை இந்தியா வெளியிட்டது. கார்கிலில் இருப்பது பாகிஸ்தான் ராணுவமே என்பது அவர்கள் வாயாலேயே வெளிவந்தது. உலக நாடுகள் நம்பின, ஏனென்றால் அது உண்மை.

2025-லும் ஓர் உதாரணம் உண்டு. பஞ்சாபின் ஆதம்பூர் விமானத் தளத்தில் இருந்த எஸ்-400 வான்பாதுகாப்பு அமைப்பை அழித்துவிட்டதாகப் பாகிஸ்தான் கூறிவந்தது. மே 13 அன்று பிரதமர் மோடி அந்தத் தளத்துக்கே போய் வீரர்களிடம் பேசினார். பின்னால் எஸ்-400 நின்றது. ஒரு புகைப்படம் போதுமானதாக இருந்தது.

ஆனால் இழப்பு என்று வரும்போது அதே தெளிவு இல்லை. ஐந்து, பிறகு ஆறு விமானங்களை வீழ்த்தினோம் என்று பாகிஸ்தான் உலகெங்கும் சொல்லிக்கொண்டிருந்த மூன்று வாரமும் இந்தியத் தரப்பில் மழுப்பல். மே 31 அன்றுதான், அதுவும் சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊடகத்துக்குக் கொடுத்த பேட்டியில், இழப்பு இருந்தது, ஆறு என்பது முற்றிலும் தவறு என்று ஜெனரல் சவுகான் ஒப்புக்கொண்டார், எண்ணிக்கை சொல்லவில்லை. பாகிஸ்தானின் ஐந்து போர் விமானங்களையும் ஒரு பெரிய விமானத்தையும் வீழ்த்தினோம் என்று விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் பெங்களூரில் அறிவித்தது ஆகஸ்ட் 9 அன்று. பாகிஸ்தான் அதை மறுத்தது. மூன்று மாதம் கழித்து வந்த கணக்கை, ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்துவிட்ட உலகம் எந்த அளவுக்குக் காதுகொடுத்துக் கேட்கும்? அந்த இடைவெளியில் மூன்றாம் தரப்பும் புகுந்தது. ரஃபேல் விமானத்தின் பெயரைக் கெடுத்துத் தன் விமானங்களை விற்கச் சீனா பரப்புரை நடத்தியது என்று பிரெஞ்சு அதிகாரிகள் குற்றம்சாட்டினார்கள், சீனா மறுத்தது. பேச வேண்டியவர் பேசாத நேரத்தில் வியாபாரிகள் பேசிவிட்டார்கள்.

இனி என்ன செய்ய முடியும்? 2025 செப்டம்பரில் தகவல் தொடர்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, எல்லா ஊடக நிறுவனங்களிலும் உண்மை சரிபார்ப்பு ஏற்பாடும் உள் குறைதீர்ப்பாளரும் கட்டாயமாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. தண்டனை விதிகளைக் கடுமையாக்கவும் சொன்னது. இரண்டாவதைவிட முதலாவது முக்கியம். தண்டிக்கும் அதிகாரம் அரசிடம் போனால் எந்தத் தளம் பூட்டப்படும், எது தப்பும் என்பதை மே மாதமே காட்டிவிட்டது. செய்திச் சேனல்கள் தாங்களாகவே அமைத்துக்கொண்ட ஒழுங்குமுறை ஆணையம் விதிக்கக்கூடிய ஒரு லட்சம் ரூபாய் அபராதம் பயன் தராது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டிலேயே சொல்லியிருக்கிறது. பொய் ஒளிபரப்பான அதே நேரத்தில், அதே முழுத்திரையில், அதே கால அளவுக்குத் திருத்தமும் மன்னிப்பும் வர வேண்டும் என்று விதித்தால் ஆசிரியர்கள் ஒருமுறை யோசிப்பார்கள். ராணுவமும் போர்க்காலத்தில் நாளுக்கு இருமுறை, நடந்தது இது, நடக்காதது இது, நம் இழப்பு இது என்று எல்லா மொழிகளிலும் சொல்ல வேண்டும். தமிழில் கேட்பவருக்குச் சொல்ல ஆளில்லாத இடத்தைத்தான் யூடியூப் வதந்தி வந்து நிரப்புகிறது. இவை எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. செய்தி ஒலிபரப்பு அமைச்சகமும் பாதுகாப்பு அமைச்சகமும் இன்றைக்கு நினைத்தால் நாளை தொடங்கலாம்.